பட்டாளத்துக்காரரும் காட்டு மரமும்: கர்னல் பெட்டோமை நினைத்தல்

(நாவலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். படம் காட்டிச் சொன்ன பகுதிகளும் கிளைப்பேச்சுகளும் குறைக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளை ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் நினைவாக ஏற்பட்டது. அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பணி முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் மனம் இரண்டு காரியங்களில் நின்றது என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒன்று, உளியும் இழைப்புளியும் பிடித்து மரவேலை செய்வது. மற்றது, பொழுது விடியுமுன் எழுந்து ஏரிக்கரை, தோப்பு, குன்று என்று கால்போன போக்கில் நடப்பது. அவரைப் புகழ்ந்து பேச வேண்டாம், அவர் நேசித்த அந்த இரண்டையும் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நினைவு போற்றுவதில் இது நல்ல முறை. அதற்குக் கட்டுப்பட்டு, படை, மரம், காடு ஆகிய மூன்றும் ஒரே வாழ்க்கையில் கூடிய ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் சென்னை மாகாணப் படையில் சேர்ந்து, பிற்பாடு மாகாணத்தின் காடுகளுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பேற்ற கர்னல் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம்.

பெட்டோமின் பெயரை இன்று பெரும்பாலும் பாம்புகளும் தவளைகளும் பெரணிகளும்தான் சுமக்கின்றன. ஊர்வன பற்றி ஆராய்வோருக்கு அவர் பாம்புக்காரர். தாவரவியலாருக்கு அவர் பெரணிக்காரர். என் வாதம் வேறு. அவரை மரத்தின் வழியே நினைக்க வேண்டும். அப்படி நினைத்தால்தான் அவர் செய்த பெரிய வேலை, அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆட்கள், அவர் காலத்தில் காட்டுக்கு நேர்ந்த கேடு மூன்றும் ஒரே இடத்தில் நம் கண்ணுக்குப் படும். இதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. படைவீரர்கள் காட்டுக்குள் போன காரணம்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேக்கு இல்லாமல் காரியம் நடக்காது. பம்பாயின் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டும். உப்பு நீரிலும் வெயிலிலும் கிடந்தாலும் விரியாமல், சுருங்காமல், இரும்பாணியை அரிக்காமல் நிற்கும் மரம் அது. மரத்துக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் அந்தக் குணத்துக்குக் காரணம். மலபார்க் கரையோரக் காடுகளில் எட்டிய தூரத்தில் இருந்த பெரிய தேக்குகளை வெட்டித் தீர்த்தபின் கண் ஆனைமலை மீது விழுந்தது.

1848இல் அந்த மலைக்கு அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இளம் ராணுவ அதிகாரி. பொள்ளாச்சிக்கு மேலே இன்று நாம் சுற்றுலா போகும் டாப்சிலிப், மேலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம். பெயரே அந்த வேலையால் வந்தது. மைக்கேல் ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கே இருந்தார். யானைகளை வைத்துத் தடி இழுத்தார், வண்டிப் பாதை போட்டார், கோடையில் காட்டுத்தீ பரவாமல் காக்கும் முறைகளை முயன்று பார்த்தார். கடைசியில் மலைக்காய்ச்சல் அவரை மலையிலிருந்து இறக்கியது.

அவருக்குப் பின்னும் அங்கே வந்தவர்களில் பலர் படையைச் சேர்ந்தவர்களே. டக்ளஸ் ஹாமில்டன் என்ற அதிகாரி ஆனைமலையிலும் பழனி மலையிலும் திரிந்து, மலைமுகடுகளை நுணுக்கமாக வரைந்து வைத்தார். 1856இல் சென்னை மாகாணத்தில் காட்டுப் பாதுகாப்புக்கென்று தனித்துறை ஏற்பட்டபோது அதன் தலைவரான ஹியூ கிளெக்ஹார்ன், சென்னைப் படையின் மருத்துவர்.

படைக்காரர்களை ஏன் அனுப்பினார்கள்? அப்போது காட்டியலைக் கற்பிக்கும் பள்ளி நாட்டில் இல்லை. கூடாரத்தில் மாதக்கணக்காக வாழ, நூறு பேரை வேலை வாங்க, கணக்கு எழுத, உள்ளூர் மொழி பேச, வழியில்லாத இடத்தில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் பயிற்சி படையில்தான் கிடைத்தது. மரத்தைப் பற்றிய அறிவை அவர்கள் காட்டுக்குப் போன பிறகுதான் சேர்த்தார்கள். யாரிடமிருந்து சேர்த்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டோம் 1830இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். மகனையும் சட்டத்துக்கே பழக்க நினைத்தார்கள். மகனோ 18 வயதில், 1848இல், கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்துவிட்டார். 42ஆம் சென்னை நாட்டுக் காலாட்படையில் பணி. அங்கே மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. செடிகொடிகளில் அவருக்கிருந்த ஈடுபாடு மேலிடத்தின் காதுக்கு எட்டியிருக்கிறது. 1857 வாக்கில் கிளெக்ஹார்ன் தம் முதல் உதவியாளர்களுள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார். 1860இல் துறையின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1882 வரை அந்த இடத்தில் இருந்தார். மாகாணக் காடுகள் 22 ஆண்டுகள் ஒரே மனிதரின் பொறுப்பில் இருந்திருக்கின்றன. அவர் 1911 பிப்ரவரியில் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்தில் காலமானார்.

2. நடந்து பெற்ற அறிவு

அன்றைய சென்னை மாகாணம் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை நீண்டிருந்தது. நீலகிரி, ஆனைமலை, பழனி, திருநெல்வேலி மலைகள், வயநாடு, கடப்பைக் குன்றுகள், கோதாவரிக் காடுகள், இப்போது ஒடிசாவில் இருக்கும் ஜெய்ப்பூர் மலைகள் எல்லாம் அவர் நடந்தவை. குதிரை போகும் வரை குதிரை, அதற்கு மேல் கால்.

அப்படி நடந்தவர் எதைத் தேடினார் என்று பாருங்கள். தேக்கைக் கணக்கெடுக்கப் போன அதிகாரி மக்கிப்போன தடியைப் புரட்டி அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் கேடயவால் பாம்புகள் என்றொரு கூட்டம் உண்டு. மண்ணுக்குள் துளைத்து வாழ்பவை, நஞ்சில்லாதவை, மண்புழு தின்பவை. வாலின் நுனி வெட்டுப்பட்டதுபோல் தட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். இந்தக் கூட்டத்தின் பல இனங்களை முதன்முதலில் விவரித்தவர் பெட்டோம். மலைக்கு மலை இனம் மாறுகிறது என்பதை அவர் சேகரிப்புகள்தாம் காட்டின. ஜெய்ப்பூர் மலையில் கிடைத்த ஒரு பல்லியை 1877இல் விவரித்தார். அதற்குப் பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பார்க்கவில்லை. அண்மையில்தான் நம் நாட்டு ஆய்வாளர்கள் அதை மறுபடி கண்டுபிடித்தார்கள்.

பெரணிகள் பற்றி அவர் எழுதிய நூல்கள் 1863 முதல் வரத் தொடங்கின. 1883இல் வெளிவந்த பெரணிக் கையேடு இந்தியா, இலங்கை, மலேயா மூன்றுக்கும் பல்லாண்டுகள் அடிப்படை நூலாக இருந்தது. திருமலைக் குன்றுகளைச் சுற்றி மட்டும் வளரும் ஒரு சைக்கஸ் இனத்துக்கு 1883இல் அவர் பெயரையே சூட்டினார்கள். உலக வணிகத்துக்கு முற்றிலும் தடை செய்யப்பட்ட அரிய தாவரங்களில் அது இன்று ஒன்று.

இந்தப் பெருமையெல்லாம் உண்மை. ஆனால் இதோடு நின்றுவிட்டால் அவர் விடுமுறையில் பூச்சி பிடிக்கப் போன வெள்ளைக்காரக் கனவான் போலத் தோன்றுவார். அவர் சம்பளம் வாங்கியது மரத்துக்காக. அவர் வாழ்நாள் உழைப்பின் நடுத்தண்டும் மரம்தான்.

3. தச்சர் கண்ணோடு எழுதிய நூல்

1869 முதல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது ‘ஃப்ளோரா சில்வேட்டிகா’. தென்னிந்தியாவின் முக்கியமான வெட்டுமரங்கள் எல்லாவற்றையும் படத்தோடு விளக்கும் நூல். 330 படங்கள். என் வாதத்தின் ஆணிவேர் இந்த நூல் என்பதால் இதில் சற்று நின்று பேசுகிறேன்.

வழக்கமான தாவரவியல் நூல் ஒரு மரத்தின் இலை, பூ, காய், விதை ஆகியவற்றைச் சொல்லி முடிக்கும். பூ இல்லாத காலத்தில் அந்த மரம் நூலாசிரியருக்கே அடையாளம் தெரியாது. பெட்டோமின் நூல் வனக்காவலர் கையில் இருக்க வேண்டிய நூல். அதனால் அதில் மரத்தின் தமிழ், தெலுங்கு, மலையாள, கன்னடப் பெயர்கள் வருகின்றன. கட்டையின் நிறம், வைரம், கன அடிக்கு எத்தனை எடை, பச்சையாக இருக்கும்போது எவ்வளவு, உலர்ந்தபின் எவ்வளவு என்ற விவரங்கள் வருகின்றன. அப்புறம், இதைக் கொண்டு ஊரில் என்ன செய்கிறார்கள் என்பது வருகிறது.

இந்தக் கடைசி விவரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆசாரியைக் கேட்டுத்தான் எழுத முடியும்.

நம் நாட்டுத் தச்சருக்கு மரம் என்றால் ஒரே பொருள் அல்ல. ஒரு மாட்டுவண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குக் கருவேலம் வேண்டும். ஆரக்கால்கள் எல்லாம் வந்து முட்டும் இடம் அது. அடி பட்டாலும் பிளக்காத, இழை பின்னிய மரம் அங்கே இருந்தாக வேண்டும். வெளி வட்டைக்கும் கருவேலம் போடுவார்கள். ஏர்க்காலுக்கு எடை குறைந்த, வளையக்கூடிய மரம் தேடுவார்கள். பூவரசு நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு நின்ற மரம். சிறு தடியாக இருந்தாலும் இழை நெருக்கமானது, தண்ணீரில் கெடாதது. செக்குக்கு வாகை. கடைசல் வேலைக்கும் பொம்மைக்கும் வெப்பாலை. அதன் கட்டை தந்தம் போல வெளுத்து, வரி தெரியாமல், கடைசல் உளிக்கு வழுக்கிக்கொண்டு வரும். வீணைக் குடத்துக்குப் பலா. தேருக்கு இலுப்பை. இப்படி இன்ன மரம் இன்ன காரியத்துக்கு என்ற ஒழுங்கு பல தலைமுறைகள் தவறியும் திருந்தியும் கண்டெடுத்த ஒழுங்கு.

ஆச்சா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் மிகக் கனமான கட்டைகளுள் அது ஒன்று. வைரப் பகுதியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். வனத்துறை அதைத் தூணுக்கும் உத்திரத்துக்கும் எண்ணியது. நம் ஆட்களோ அதிலிருந்து நாதஸ்வரம் கடைந்தார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் இன்றைக்கும் அது நடக்கிறது. புது ஆச்சா உதவாது, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்திரமும்தான் வேண்டும் என்பார்கள் அங்குள்ள கைவினைஞர்கள். பல பத்தாண்டுகள் காற்றில் நின்று, உள்ளே இருந்த ஈரமெல்லாம் போன கட்டைக்குத்தான் துளையிட்ட பின்னும் வடிவம் மாறாது, சுருதியும் நிற்கும். மரத்தை உலரவைப்பது என்பதன் முழுப் பொருளையும் நான் கற்றது அங்கேதான்.

நம் கரைக்குத் தொடர்புடைய இன்னொரு மரம் தணக்கு. வறண்ட குன்றுகளில் வளரும். கோடையில் இலை உதிர்த்து நிற்கும். காயில் இரண்டு நீண்ட சிறகு இருக்கும், விழும்போது சுழன்றுகொண்டே விழும். கட்டை மிக லேசு. கட்டுமரத்துக்கு இதைப்போல மரம் இல்லை என்பது சோழமண்டலக் கரையில் நெடுநாள் வழக்கம். கட்டுமரம் படகைப் போலத் தண்ணீரை வெளியே நிறுத்துவதில்லை. தண்ணீர் மேலே புரண்டு ஓடிவிடும், கட்டை மிதந்துகொண்டே இருக்கும். அலை உடையும் கரையில் மூழ்காத கலம் அது. நாள்பட்டால் கட்டை நீர் குடித்துக் கனக்கும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே வெயிலில் காய வைத்தார்கள். பரணில் கிடக்க வேண்டிய லேசுக் கட்டையை நடுக்கடலுக்கு அனுப்பிய அறிவு கோவளம், செம்மஞ்சேரி, மாமல்லபுரம் மீனவர்களுடையது. இன்று அந்த இடத்தை ஃபைபர் படகு பிடித்துவிட்டது. மலைத் தணக்கைக் கடற்கரையில் யாரும் கேட்பதில்லை.

பெட்டோம் தாமே புதிதாகப் பெயரிட்ட மரங்களும் உண்டு. திருநெல்வேலி மலைகளில் கோங்கு என்றும் மலையாளத்தில் தம்பகம் என்றும் வழங்கும் ஹோபியா பார்விஃப்ளோரா, கோயில் உத்திரத்துக்கும் படகுக்கும் பேர்போன மரம். வெள்ளை அகில் எனும் டைசாக்சிலம் மலபாரிக்கம், வாசமுள்ள கட்டை. மலபாரில் எண்ணெய்ப் பீப்பாய்க்கு அதை நாடினார்கள். செங்குறிஞ்சி எனும் குளூட்டா திருவாங்கோரிக்கா, அகத்தியமலைப் பக்கத்தில் மட்டும் நிற்கும் சிவப்பு வைர மரம். கொல்லம் மாவட்டத்துச் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் அந்த மரத்தின் மலையாளப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இந்த மூன்று தாவரவியல் பெயர்களின் பின்னாலும் அவர் பெயர்ச் சுருக்கம் இன்றும் அச்சாகிறது. மூன்றும் வேலைக்கு உதவும் மரங்கள், மூன்றுக்கும் ஊர்ப்பெயர் முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

4. பெயர் அச்சாகாத ஆசிரியர்கள்

பெட்டோமுக்கு மரத்தைச் சொன்னவர்கள் யார்? ஆனைமலையில் காடர்கள், மலசர்கள். நீலகிரிச் சரிவில் இருளர்கள். கோதாவரிப் பக்கத்தில் கோயர்கள். அவர்கள் துணையில்லாமல் அந்தக் காடுகளில் ஒரு நாள் தங்கியிருக்க முடியாது என்பதை அக்காலத்து அதிகாரிகளின் அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. தேன் எடுக்க நூறடி மரம் ஏறுகிறவருக்குத் தான் ஏறும் மரத்தின் கிளை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது உயிர்ப் பிரச்சினை. அந்த அறிவிலிருந்துதான் வைரம் எது, வெள்ளை எது என்ற பதில்கள் வந்தன.

நம் மாவட்டத்தில் இதற்கு அத்தாட்சி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்துப் பாம்பின் இனம் சொல்லும் அந்தத் திறனை இன்று உலகமே மதிக்கிறது. பெட்டோமின் காலத்தில் அதே திறன் கூலிக்கணக்கில் முடிந்துபோயிற்று.

அடுத்து ஓவியர். கோவிந்து என்ற ஓவியர் முதலில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகவும் பின்னர் கிளெக்ஹார்னுக்காகவும் பெட்டோமுக்காகவும் வரைந்தவர். வைட் அவரை மதித்து, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று பெயரிட்டார். இந்தியக் கலைஞர் ஒருவரின் பெயரில் ஒரு தாவரப் பேரினம் என்பது அந்த நாளில் மிக அரிய செய்தி. வகைப்பாட்டு மாற்றங்களில் அந்தப் பேரினப் பெயர் வழக்கொழிந்தது. ஆனால் பூவின் மகரந்தத் தண்டைக்கூட எண்ணிப் பார்க்கும்படி வரைந்த அந்தக் கை இன்றும் அந்நூல்களில் இருக்கிறது. கோவிந்து எங்கே பிறந்தார், எங்கே ஓவியம் கற்றார் என்று தேடுவதற்கு நம் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வு மாணவர் முன்வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இவர்களைச் சொல்வதால் பெட்டோமின் மதிப்புக் குறைவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும், கேட்டதை ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கமும் அவரிடம் இருந்தன. ஆசாரியின் அறிவு மகனுக்கும் சீடனுக்கும் வாய்வழி போனது. தொழில் விட்டுப்போன இடத்தில் அறிவும் விட்டுப்போயிற்று. 150 ஆண்டுகளுக்கு முன் இந்த மரத்தால் இன்னது செய்தார்கள் என்பதை நாம் இன்று அறிய அந்த நூல் பெரும் துணை.

5. கோடரிக் கணக்கு

மரத்தின் வழியே அவரை நினைக்கச் சொன்ன நான் இதை மறைக்கக் கூடாது. 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். நிலக்கரி கடல்கடந்து வந்தால் விலை கட்டாது. 1870களில் நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான சிலீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. மரம் எத்தனை நல்லதானாலும் மண்ணில் கிடந்தால் சில ஆண்டுகளில் கரையான் அரிக்கும், மாற்ற வேண்டும். ஒருமுறை வெட்டித் தீரும் காரியமாக அது இல்லை. வட ஆற்காட்டுக் குன்றுகள் மொட்டையானதைக் கிளெக்ஹார்னே அன்று வருத்தத்தோடு பதிவு செய்தார். அதே ஆண்டுகளில் வயநாட்டிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டங்களுக்காகச் சோலைகள் அழிந்தன.

இந்த 22 ஆண்டுகளும் தலைமை இடத்தில் இருந்தவர் பெட்டோம். எந்த மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவர் எழுதிய விவரம் எந்த மரத்தை முதலில் வெட்டலாம் என்று தேடியவருக்கும் உதவியது. மரத்தை நேசித்ததும் வெட்டக் கொடுத்ததும் ஒரே கை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையால் ஒரு பயனும் இல்லை. அவர் துறையே வெட்டுவதற்காகக் காப்பது என்ற கொள்கையில் பிறந்தது.

இதில் இன்னொரு பக்கம் எனக்கு அதிக வேதனை தருவது. 1860இல் மலைமக்களின் இடம்மாறும் சாகுபடிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. பெட்டோம் பதவி விட்டதும் அதே ஆண்டு. அந்தச் சட்டம் வருமுன் மாகாணத்தின் வருவாய் வாரியமே, காட்டில் கிராமத்தாருக்கு வழிவழி வந்த உரிமை இருக்கிறது, அரசு அதை மொத்தமாக எடுத்துக்கொள்வது தகாது என்று எதிர்த்து வாதாடியது. வாதம் தோற்றது. விறகும் கலப்பைக் கட்டையும் எடுக்கப் போன குடியானவர் குற்றவாளியானார். மரத்தின் பெயரையும் குணத்தையும் அதிகாரிக்குச் சொன்னவரின் பேரப்பிள்ளைகள், அதே மரத்தைத் தொட அனுமதிச்சீட்டு வாங்க நேர்ந்தது. இந்த அநீதி சரிசெய்யப்படுவதற்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது செயலுக்கு வருவதோ இன்னும் பல மலைகளில் பாதிவழியில் நிற்கிறது.

6. நம் கரையில்

ரயில் எஞ்சினின் விறகுப் பசி நம் ஊரின் தோற்றத்தையே மாற்றியது. 1860கள் முதல் சென்னையைச் சுற்றிய கடற்கரை மணலில் சவுக்கு நடும் பழக்கம் பரவிற்று. நெல்லூர் முதல் செங்கற்பட்டுக் கரை வரை அது விறகுத் தோப்பாக வளர்ந்தது. ஆஸ்திரேலியாவும் தென்கிழக்கு ஆசியாவும் தாயகமான மரம் இன்று நமக்குச் சொந்த மரம் போலாகிவிட்டது. இந்தப் பந்தலின் கால்களைப் பாருங்கள், சவுக்கு. இந்தச் சாலையின் இருபுறமும் எழுந்த கட்டடங்களுக்குச் சாரம் கட்டியதும் அதுவே. முன்பு இந்த மணலில் நின்ற பசுமைமாறா உலர்காடு, வீரையும் காயாவும் நாவலும் கலந்து நின்ற குறுங்காடு, கோயில் காடுகளில் மட்டும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது.

மரவேலையின் நிலையும் அப்படித்தான். முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்திராவுக்கு மாணவர்கள் போய்வர வேண்டும். அங்கே தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடுகள் இருக்கின்றன. கேரள வீடுகளின் மரச்சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். காடியும் கழுந்துமாகக் கோத்த இணைப்புகளில் மழைக்காலத்தில் மரம் விரிவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் பிரிக்கவும் முடிந்தது, திரும்பக் கோக்கவும் முடிந்தது.

நாவலூரிலும் அக்கம்பக்கத்திலும் கடந்த முப்பது ஆண்டுகளில் பழைய வீடுகள் வேகமாக இடிந்தன. ஓட்டு வீடுகளின் தூணும் உத்திரமும் கதவு நிலையும் பழைய மரக்கடைக்குப் போயின. எந்த வீட்டில் எந்த மரம் இருந்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. எழுதியிருந்தால் இந்த வட்டாரத்தில் என்னென்ன மரம் வளர்ந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்ற வரலாறு நம் கையில் இருந்திருக்கும். இன்னும் இடிபடாத வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் தேர்வேலை தெரிந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். கோவளத்தில் கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த அறக்கட்டளையிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

கோயம்புத்தூரில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் தென்னாட்டு மரக்கட்டைகளின் மாதிரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதுபோல ஒன்றை, சிறிய அளவில், இந்த ஊர் நூலகத்தில் அமைக்க அதிகம் செலவாகாது. இடிபடும் வீட்டிலிருந்து ஓர் அடித் துண்டு, தேர் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து ஒரு துண்டு, பழைய கட்டுமரத்திலிருந்து ஒரு துண்டு. ஒரு முகத்தை இழைத்து விடுங்கள், மறு முகத்தை அப்படியே விடுங்கள், குறுக்கு வெட்டு ஒன்று தெரியட்டும். எடை போட்டுக் குறியுங்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பகுதி என்று எழுதுங்கள். அது எதற்குப் பயன்பட்டது, அந்த இடத்துக்கு ஏன் அந்த மரம் என்று வேலை தெரிந்தவரிடம் கேட்டு அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் அவர் ஒப்புதலோடு கீழே போடுங்கள். தாவரவியல் பெயரை அடையாளம் காண வனக்கல்லூரிகளின் உதவியைக் கேட்கலாம், அதற்கு அவசரமில்லை. அவசரம் ஆசாரிகளிடம் போவதில்தான் இருக்கிறது.

 மரமாதிரித் தொகுப்பில் சேர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் கொடுக்கலாம். திருப்போரூர் தேர்க்கொட்டகைக்கு முதலில் போவோம்.